எச்.ஆர்.இ. 41: ஜெர்மன் ராணுவச் சாமான்களின் முத்திரையைச் சோதித்த பதிவு

மேசை மேல் இருப்பவை: ஃபெல்ட் உறை போட்ட ஓர் அலுமினியத் தண்ணீர்க் குடுவை, அதன் மேல் கவிழ்க்கிற கறுப்புக் குவளை, மூன்று அறை உள்ள தோல் தோட்டாப் பை, துணி ரொட்டிப் பை, பேக்கலைட் என்ற பழைய வகைப் பிளாஸ்டிக்கில் செய்த வெண்ணெய் டப்பா. இரண்டாம் உலகப் போர்க் கால ஜெர்மன் ராணுவச் சாமான் என்று சொல்லி, ஸ்டுட்கார்ட் பக்கத்துப் பழம்பொருள் சந்தை ஒன்றில் மொத்தமாக ஒரே பெட்டியில் போட்டு விற்றார்கள். விற்றவர் "எங்க தாத்தாவோடது" என்றார். இருக்கலாம். ஆனால் தாத்தா கதையைச் சோதிக்க வழியில்லை, பொருளைச் சோதிக்க வழியிருக்கிறது.

இந்த வகைச் சாமானில் பலரும் முதலில் தேடுவது தயாரிப்பாளர் முத்திரையைத்தான். நான் அதைக் கடைசியில்தான் படிப்பேன். முதலிலேயே "41" என்று ஓர் ஆண்டைப் பார்த்துவிட்டால், அப்புறம் கண்ணுக்குப் படுவதெல்லாம் 41-க்குச் சாட்சியாகவே தெரியும். பொருள் என்ன, எப்படிச் செய்திருக்கிறார்கள், எங்கே தேய்ந்திருக்கிறது என்று முதலில் குறித்துக்கொண்டு, பிறகு முத்திரை அதற்கு ஒத்துவருகிறதா என்று பார்க்கிறேன். போலி செய்கிறவருக்கு முத்திரை அடிப்பதுதான் இருப்பதிலேயே சுலபமான வேலை. எண்பது வருடத் தேய்மானத்தை உண்டாக்குவது அவ்வளவு சுலபமில்லை.

கருவிகள் பெரிதாக ஒன்றும் இல்லை. பத்து மடங்கு பெரிதாக்கும் லூப், சின்ன டார்ச், காந்தம், புற ஊதா டார்ச், பல்குத்தும் மரக்குச்சி, மெல்லிய தாள், மிருதுவான பென்சில், ஓர் ஊசி. வேண்டவே வேண்டாதவை: ஸ்டீல் கம்பளி, மெட்டல் பாலிஷ், தோல் எண்ணெய். முத்திரையைப் படித்து முடிக்கும் வரை இவை மேசைப் பக்கமே வரக்கூடாது. பாலிஷ் போட்ட அலுமினியத்தில் எது பழைய கீறல், எது புதிய கீறல் என்று யாராலும் சொல்ல முடியாது. எண்ணெய் குடித்த தோலில் முத்திரையின் விளிம்பு உப்பிப் போய் மங்கிவிடும்.

குடுவையிலிருந்து ஆரம்பித்தேன். இது 1931 மாதிரி என்று சொல்லப்படுகிற வகை, ஏறக்குறைய 0.8 லிட்டர் கொள்ளும். பழுப்புக் கம்பளி ஃபெல்ட் உறை பக்கவாட்டில் பிரஸ் பட்டனால் மூடியிருக்கும். பட்டன்கள் களிம்பேறி இறுகிப்போயிருந்தன. இந்த இடத்தில் பொறுமை வேண்டும். ஃபெல்ட்டைப் பிடித்து இழுத்தால் பட்டனைச் சுற்றி உறை கிழிந்து, பட்டன் மட்டும் அங்கேயே நிற்கும். எண்ணெய் விட்டால் ஃபெல்ட் குடித்துவிடும், அந்தக் கறை போகவே போகாது. களிம்பை மரக்குச்சியால் சுரண்டிவிட்டு, பட்டனின் இரண்டு பாதிக்கும் நடுவில் ஒரு மெல்லிய மர ஆப்பைச் செருகி, பட்டனுக்கு நேர் அடியிலிருந்து மெதுவாக நெம்பினேன். ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்தது. பட்டன் தலையில் "பிரிம்" என்று பெயர் இருந்தது. ஸ்டோல்பெர்க் நகரத்துப் பழைய நிறுவனம் அது, இன்றும் பட்டன் செய்கிறது. அதனால் அந்தப் பெயரை வைத்து மட்டும் காலத்தைச் சொல்ல முடியாது.

உறையைக் கழற்றியதும் உள்ளே தெரிந்த அலுமினியம் ஒரே நிறத்தில் இல்லை. ஃபெல்ட் மூடியிருந்த வயிற்றுப் பகுதி மங்கிய சாம்பல் நிறம். கழுத்துப் பக்கம் கை பட்டுப் பட்டு வழவழப்பாகிக் கொஞ்சம் வெளிறியிருந்தது. இரண்டுக்கும் நடுவில் உறையின் விளிம்பு இருந்த இடத்தில் தெளிவாக ஒரு கோடு. உறையும் குடுவையும் நெடுநாள் ஒன்றாகவே இருந்தன என்பதற்கு இந்தக் கோடு நல்ல சாட்சி. காந்தம் ஒட்டவில்லை, அது எதிர்பார்த்ததுதான். போரின் பின்பாதியில் அலுமினியம் விமானங்களுக்கே போதாமல் போக, எனாமல் பூசிய எஃகில் குடுவை செய்தார்கள். அவை காந்தத்தில் ஒட்டும். எஃகுக் குடுவையில் 38 என்று ஆண்டு இருந்தால் சந்தேகப்பட வேண்டியதுதான். அலுமினியத்தில் 41 என்றால் அந்தச் சிக்கல் இல்லை.

பிறகு முத்திரை. கழுத்தடியில் "எச்.ஆர்.இ. 41". டார்ச்சை நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது. உலோகத்தின் மேல் படுக்கை வசமாக, கிட்டத்தட்டத் தொடுகிற மாதிரி வைத்து அடித்தால் ஒவ்வொரு எழுத்தும் நிழலோடு எழும்பி நிற்கும். லூப்பில் நான் பார்த்தது இதுதான்: எழுத்தின் இரண்டு ஓரத்திலும் உலோகம் லேசாகப் பிதுங்கி ஒரு சின்ன வரப்பு. அச்சை வைத்து அடிக்கும்போது நடுவிலிருந்த உலோகம் எங்கேயாவது போயாக வேண்டும், அதனால் ஓரத்தில் ஏறும். அந்த வரப்பின் முகடு பல வருடம் ஃபெல்ட்டில் உரசித் தேய்ந்து மழுங்கியிருந்தது. எழுத்தின் அடியில் சுற்றியிருப்பதே போன்ற சாம்பல் படிவு. மேலே ஓடுகிற நீளமான பழைய கீறல் ஒன்று முத்திரையைக் கடக்கும் இடத்தில், வரப்பை வெட்டிக்கொண்டு போகிறது. அதாவது கீறலுக்கு முன்பே முத்திரை இருந்திருக்கிறது. எனக்கு இந்தக் கீறல் ஒன்றே பெரிய ஆதாரம். பழைய குடுவையில் புதிதாக முத்திரை அடித்தால் கதை தலைகீழாகும், அச்சு கீறலை நசுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

சுழலும் கருவியால் செதுக்கிய போலியில் இந்த வரப்பு இருக்காது, பள்ளத்துக்குள் கருவி ஓடிய கோடுகள் தெரியும். லேசர் என்றால் ஆழம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி, அடி மட்டும் பொரிந்தாற்போல் இருக்கும். கையால் அடித்த அச்சு ஒரு பக்கம் கொஞ்சம் ஆழமாகவும் மறுபக்கம் மேலோட்டமாகவும் விழுவது சகஜம். என் குடுவையில் கடைசி எழுத்தின் கீழ்க்கோடு பாதிதான் விழுந்திருக்கிறது.

எச்.ஆர்.இ. என்பது ஹைன்ரிஷ் ரிட்டர், எஸ்லிங்கன். ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்திலேயே நெக்கர் ஆற்றங்கரையில் உள்ள ஊர். அதே ஊரின் எஃப்.டபிள்யூ. குவிஸ்ட் தொழிற்சாலை எஃகுத் தலைக்கவசம் செய்தது. அந்தக் கவசங்களின் உட்புறம் "கியூ" என்ற எழுத்தும் அளவு எண்ணும் இருக்கும். இந்தச் சந்தைகளில் எஸ்லிங்கன் சாமான் கிடைப்பதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் ஊர்ப்பொருத்தம் ஆதாரம் ஆகாது, போலி செய்கிறவருக்கும் ஊர் தெரியும்.

குவளையில் வேறு எழுத்துகள், ஆண்டு 39. குடுவையும் குவளையும் ஒரே நிறுவனம், ஒரே ஆண்டாக இல்லாவிட்டால் "ஜோடி சேரவில்லை" என்று தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. நான் அப்படிப் பார்ப்பதில்லை. படைப்பிரிவில் குவளை தொலையும், நசுங்கும், கிடைத்ததை வாங்கிக்கொள்வார்கள். எல்லாம் கச்சிதமாகப் பொருந்தி வந்தால்தான் யார் சேர்த்து வைத்தது என்று கேட்பேன். இங்கே பார்க்க வேண்டியது பெயின்ட். தொடக்கக் காலக் குவளை கறுப்பு, பின்னாளில் ஆலிவ் பச்சைக்கு மாறினார்கள். 39-க்குக் கறுப்பு சரி. முத்திரை அடித்த பிறகுதான் பெயின்ட் அடிப்பார்கள், ஆகவே எழுத்துப் பள்ளத்துக்குள் கறுப்பு இறங்கியிருக்க வேண்டும். இறங்கியிருந்தது. பள்ளத்துக்குள் வெறும் உலோகம் மின்னி, ஓரத்தில் பெயின்ட் சில்லாக உடைந்திருந்தால் முத்திரை பிற்பாடு வந்தது என்று அர்த்தம். போருக்குப் பின் 1955-இல் உருவான மேற்கு ஜெர்மன் ராணுவம் இதே சாயலில் குடுவையும் குவளையும் வைத்திருந்தது. அவற்றின் ஆலிவ் பெயின்டை உரித்துவிட்டுக் கறுப்பு அடித்து விற்பது பழைய வித்தை. அப்படிப்பட்டதில் கைப்பிடி சேரும் மூலையிலோ விளிம்பு மடிப்புக்குள்ளோ கொஞ்சம் பச்சை தங்கியிருக்கும். இதில் லூப் வைத்துத் தேடியும் பச்சை இல்லை.

குடுவையைத் தூக்கிப் பிடிக்கிற தோல் வார்தான் இடித்தது. தோல் பழசு மாதிரிதான் இருக்கிறது, ஆனால் தையல் நூல் எல்லா இடத்திலும் ஒரே தடிப்பு, ஒரே பளபளப்பு. புற ஊதா வெளிச்சத்தில் நூல் நீலவெள்ளையாக ஒளிர்ந்தது. அதை மட்டும் வைத்து முடிவு கட்டக்கூடாது. இன்றைய சலவைத் தூளில் ஒளிரூட்டும் பொருள் இருக்கிறது, அசல் பழைய துணியை யாராவது அதில் துவைத்திருந்தாலும் இப்படித்தான் ஒளிரும். ஒரு முனையிலிருந்து சின்ன இழை எடுத்து, பழுக்கக் காய்ச்சிய ஊசியால் தொட்டேன். உருகிச் சின்ன மணியாக உருண்டது. பருத்தியோ லினனோ உருகாது, காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலாகும். ஆக வார் பாலியெஸ்டர் நூலில் தைத்தது, போருக்கு வெகு பின்னால் வந்தது. குடுவை அசல், குவளை அசல், வார் மாற்று. தீர்ப்பு இப்படிப் பாகம் பாகமாக வருவதுதான் வழக்கம். "முழு செட் அசல்" என்று ஒரே வார்த்தையில் சொல்லி விற்கிறவரிடம் நான் எச்சரிக்கையாகவே இருப்பேன்.

குடுவையைச் சுத்தம் செய்வது பற்றி ஒரு விஷயம். சோடா உப்பு, பாத்திரம் கழுவும் இயந்திரத்து மாத்திரை, காஸ்டிக் சோடா எதுவும் அலுமினியத்துக்கு ஆகாது. காரம் பட்டால் உலோகமே கரையும், மேல்படிவு போய்க் கறுக்கும், முத்திரையின் வரப்பும் சேர்ந்து போய்விடும். குளிர்ந்த தண்ணீர், கொஞ்சம் மென்மையான சோப்பு, பெயின்ட் பிரஷ் போதும். இதில் தண்ணீர் ஊற்றிக் குடிக்கவும் வேண்டாம்.

தோட்டாப் பைக்கு வருகிறேன். பெட்டியின் விலையே இதை நம்பித்தான் இருந்தது. ஜெர்மன் வீரர்களின் மவுசர் துப்பாக்கிக்கானது. அறைக்கு ஐந்து தோட்டாக் கிளிப் இரண்டு, ஆக ஒரு பையில் 30 தோட்டா. வீரர் இடுப்பில் இரண்டு பை மாட்டுவார். கறுத்த சொரசொரப்புத் தோல், இடுப்பு வார் நுழையும் பின்புறக் காதுகளை ரிவிட் அடித்துப் பிடித்திருக்கிறார்கள். பின்பக்கத்தில் ஒரு காகித ஒட்டி. ஸ்வஸ்திகா உள்ள இடங்களில் ஜெர்மன் சந்தைகளில் இப்படி ஒட்டித்தான் விற்பார்கள். அந்தச் சின்னங்களைப் பொதுவில் காட்டுவதைக் குற்றவியல் சட்டத்தின் 86அ பிரிவு தடுக்கிறது. அது நியாயமான சட்டம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் வாங்குகிறவர் சந்தையிலேயே பார்க்க வேண்டிய இடத்தைத்தான் அந்த ஒட்டி மறைக்கிறது. தனியாகக் காட்டச் சொல்லிக் கேட்பது நல்லது.

வீட்டில் ஒட்டியை எடுத்ததும் தெரிந்தவை: கழுகும் அதன் கீழே ராணுவ ஆயுத அலுவலகத்தின் ஏற்பு எண்ணும், ஆண்டு 1939, அதற்குக் கீழே "0/" என்று தொடங்கும் ஆர்.பி. எண்.

இங்கேயே நின்றுவிட்டேன். ஆர்.பி. எண் என்பது தொழிற்சாலைகளுக்குக் கொடுத்த தேசிய அளவிலான பதிவு எண். ஒரு பூஜ்யம், சாய்கோடு, நான்கு இலக்கம், மறுபடி சாய்கோடு, நான்கு இலக்கம் என்ற அமைப்பு. தோல், துணிச் சாமான்களில் இது தென்படத் தொடங்குவது போரின் நடுப்பகுதியில், 1942, 43 வாக்கில். அதற்கு முன்பு நிறுவனத்தின் பெயர், ஊர், ஆண்டு மூன்றையும் முழுதாகவே அடித்தார்கள். "ஹான்ஸ் டாய்ட்டர், அவுக்ஸ்புர்க்" என்று அடித்த தோல் வார்கள் உண்டு. இன்று மலையேறுகிறவர்கள் முதுகில் மாட்டுகிற டாய்ட்டர் பைகளின் அதே நிறுவனம்தான். 1939 ஆண்டும் ஆர்.பி. எண்ணும் ஒரே முத்திரையில் வர வழியில்லை. காதுகளில் ரிவிட் அடிப்பதும் பின்னாளில் வந்த வழக்கம், முற்காலத்தில் தைத்தார்கள். அதுவும் 1939-ஓடு ஒத்துப்போகவில்லை.

முத்திரை முறைகளின் கால வரிசை தெரிந்திருந்தால் பாதி வேலை முடிந்தது. 1934 வாக்கில் ஆயுதங்களில் "எஸ்" எழுத்தும் எண்ணும், ஆண்டுக்குப் பதில் ஒரு ரகசிய எழுத்தும்: கே என்றால் 1934, ஜி என்றால் 1935. 1940 முதல் சிறிய எழுத்துகளில் இரண்டெழுத்து, மூன்றெழுத்துக் குறியீடுகள். பி-ஒய்-எஃப் ஓபர்ன்டார்ஃப் மவுசர், பி-எல்-சி யேனாவின் கார்ல் சைஸ், சி-எக்ஸ்-என் ராத்தெனோவின் எமில் புஷ், சி-ஓ-எஃப் சோலிங்கனின் கார்ல் ஐக்ஹார்ன். எந்தத் தொழிற்சாலை எங்கே என்ன செய்கிறது என்று எதிரிக்குத் தெரியக்கூடாது என்பதுதான் நோக்கம். எதிரியும் சும்மா இருக்கவில்லை. 1943-இல் லண்டன் அமெரிக்கத் தூதரகத்தின் பொருளாதாரப் போர்ப் பிரிவு, கைப்பற்றிய டயர்களிலும் டாங்கிகளிலும் இருந்த முத்திரைகளையும் வரிசை எண்களையும் வைத்தே ஜெர்மனியின் உற்பத்தியைக் கணக்கிட ஆரம்பித்தது. நாம் இப்போது லூப் வைத்துப் பார்க்கிற வேலையை அன்றே ஓர் அலுவலகம் பார்த்திருக்கிறது.

ஏற்பு எண்ணைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக உண்டு. கழுகுக்குக் கீழே இருக்கிற எண் தயாரிப்பாளருடையது அல்ல, பொருளைச் சோதித்து ஏற்றுக்கொண்ட ஆய்வுக் குழுவுடையது. இந்தப் பையில் இருந்தது 135. மவுசரின் ஓபர்ன்டார்ஃப் துப்பாக்கிகளில் அடிக்கடி காணும் எண் அது. துப்பாக்கித் தொழிற்சாலையில் உட்கார்ந்திருந்த குழுவின் எண் தோல் பையில் எப்படி வந்தது? பிரபலமான எண் என்பதால் போலி அச்சு செய்தவர் அதையே எடுத்துக்கொண்டார் என்பதைத் தவிர எனக்கு வேறு விளக்கம் தோன்றவில்லை.

இவ்வளவும் படிப்பு. தோல் என்ன சொல்கிறது? புதுத் தோலை ஈரத்தோடு, சாயம் ஏற்றி முடிக்கும் முன் அச்சில் அழுத்தினால் எழுத்து வழுவழுப்பாகப் பதியும், பள்ளத்துக்குள்ளும் அதே நிறம் ஓடும், விளிம்பு உருண்டு இருக்கும். இங்கே லூப்பில் கழுகின் இறக்கை நெடுக மேல்தோல் வெடித்து, வெடிப்புக்குள் வெளிர்பழுப்பு நார் தெரிந்தது. பல வருடம் காய்ந்து விறைத்த தோலில் அடித்தால் இப்படித்தான் ஆகும். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்ததில் பக்கத்திலேயே ஒரு விரல் அகலத்துக்குத் தோலின் சொரசொரப்பு இல்லாத இடம், ஏதோ தேய்த்து எடுத்தாற்போல். மூடியின் உட்புறத்தில் மங்கிய மை. மெல்லிய தாள் வைத்துப் பென்சில் தேய்த்தால் மை வராது, அதனால் புற ஊதா வெளிச்சத்தில் பார்த்தேன். பாதி அழிந்த ஒரு சிரிலிக் எழுத்து, அதாவது ரஷ்ய, செர்பிய மொழிகளை எழுதும் வரிவடிவம்.

ஆக, பை பொய் இல்லை, நல்ல பழைய ராணுவப் பைதான். யுகோஸ்லாவியா போருக்குப் பிறகும் மவுசர் வகைத் துப்பாக்கிகளை வைத்திருந்தது, அவற்றுக்கு இதே வடிவில் பைகளையும் செய்தது. அப்படி வந்த ஒன்றின் முத்திரையைத் தேய்த்து அழித்து, மேலே கழுகை அடித்திருக்கிறார்கள் என்றே நினைக்கிறேன். ஒழுங்காக யுகோஸ்லாவியப் பை என்று விற்றிருந்தால் ஒரு நாட்டின் போருக்குப் பிந்தைய கதை முழுசாக இருந்திருக்கும். இப்போது அதுவும் அழிந்துவிட்டது.

இதற்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பவர்களிடம் நான் சோலிங்கன் நகரத்து அலெக்சாண்டர் கோப்பல் நிறுவனத்தைப் பற்றிச் சொல்வேன். யூதக் குடும்பத்தின் நிறுவனம். துப்பாக்கிமுனைக் கத்திகளில் "கோப்பல்" என்று முத்திரை அடித்தது. 1930-களின் நடுவில் நாஜி ஆட்சியில் குடும்பத்திடமிருந்து நிறுவனம் பறிபோனது, அதன் பிறகு வந்த கத்திகளில் "அல்கோசோ" என்று இருக்கும். அலெக்சாண்டர் கோப்பல் 1942-இல் நாஜிகளின் தெரேசியன்ஷ்டாட் முகாமில் இறந்தார். ஒரு கத்தியின் அடியில் முத்திரை மாறிய அந்த இடத்தில் இத்தனையும் இருக்கிறது. விலை கூட்டுவதற்காக முத்திரையை அழிப்பதும் புதிதாக அடிப்பதும் அந்தச் சாட்சியத்தின் மேல் கைவைப்பது. இந்தச் சாமான்களை நான் வைத்திருப்பதே அந்தச் சாட்சியத்துக்காகத்தான், அந்த ராணுவத்தின் மேல் எந்த மயக்கமும் எனக்குக் கிடையாது.

வெண்ணெய் டப்பா சீக்கிரம் முடிந்தது. பேக்கலைட் பொருட்களில் பெர்லின்-டாலெம் பொருள் சோதனைக் கூடத்தின் கண்காணிப்பு முத்திரை இருக்கும். அதோடு வரும் எண் எந்தத் தொழிற்சாலை வார்த்தது என்பதையும், எழுத்து எந்தக் கலவை என்பதையும் சொல்லும். எஸ் என்றால் மரத்தூள் கலந்தது, டி என்றால் துணி இழை கலந்தது. என் டப்பாவில் எஸ். லூப்பில் மரத்தூள் புள்ளிகளும் தெரிகின்றன, ஆக முத்திரையும் பொருளும் ஒத்துப்போகின்றன. ஆனால் இந்தக் கண்காணிப்பு முறை போருக்குப் பிறகும் தொடர்ந்தது. ஆண்டு இல்லாத டப்பாவை "ராணுவ அசல்" என்று சொல்ல இது போதாது. அட்டையில் "பேக்கலைட், காலம் உறுதியில்லை" என்று எழுதிவிட்டேன்.

ஒவ்வொரு பொருளுக்கும் இப்படி ஓர் அட்டை எழுதிக் கட்டுகிறேன். தோட்டாப் பையின் அட்டையில் "போருக்குப் பிந்தைய பை, முத்திரை போலி, 1939 ஆண்டோடு ஆர்.பி. எண்" என்று பெரிதாக எழுதி, முத்திரையின் படத்தையும் சேர்த்திருக்கிறேன். அட்டை கழன்று போனாலும் தெரியும்படி அதே வாசகத்தை ஒரு துண்டுத்தாளில் எழுதி நடு அறைக்குள்ளும் போட்டாயிற்று. குடுவையின் வாரை மாற்றவில்லை. அசல் வார் ஒன்று கிடைத்தால்கூட அதைப் பூட்டி "முழு செட்" ஆக்கும் எண்ணம் இல்லை, பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம்.

ரொட்டிப் பைக்கு இன்னும் முடிவு சொல்லவில்லை. நூல் பருத்தி, ஊசியில் சாம்பலாகிறது. துணி புற ஊதாவில் ஒளிரவில்லை. மூடியின் உள்ளே மை முத்திரை இருந்த தடம் மட்டும் இருக்கிறது, இரண்டு இலக்கங்கள் பாதி தெரிகின்றன. அகச்சிவப்பு வடிகட்டி கழற்றிய பழைய கேமரா ஒன்றை இரவல் கேட்டிருக்கிறேன். மையில் கரி இருந்தால் அந்தப் படத்தில் கறுப்பாகவே நிற்கும், வெறும் சாயமாக இருந்தால் மறைந்துவிடும். இரண்டில் எது வந்தாலும் படத்தோடு எழுதுகிறேன்.